ஏறிக்கொண்டே சொல்வது

விம்பிள்டன் மைய அரங்கில் ஆட வரும் வீரர்கள் நுழையும் வாயிலுக்கு மேலே ரட்யார்ட் கிப்ளிங்கின் 'இஃப்' கவிதையிலிருந்து இரண்டு வரிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். வென்றாலும் வீழ்ந்தாலும் நிலைகுலையாதே என்பது அவற்றின் சாரம். 1910இல் 'ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரீஸ்' என்ற நூலில் வந்த கவிதை. நூறாண்டு கடந்த பிறகும் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் இருக்கிறது. பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் இருக்கிறது. விடாமுயற்சி என்றதும் ஆங்கிலம் படித்தவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். அடுத்தது வில்லியம் எர்னஸ்ட் ஹென்லியின் 'இன்விக்டஸ்'. நம் பக்கத்துக்குத் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம். மூன்றையும் ஒரே சரட்டில் கோத்து, ஊக்கம் தரும் கவிதைகள் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தக் கவிதைகளைக் கருத்தை மட்டும் பிழிந்தெடுத்துப் படித்தால் எல்லாம் ஒன்றுதான்: சோராதே, தாங்கிக்கொள், மேலே போ. இதைச் சொல்லக் கவிஞர் வேண்டியதில்லை, அடுத்த வீட்டு மாமாவே போதும். சொல்பவர் யார், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்கும்போதுதான் ஒரு கவிதை இன்னொன்றிலிருந்து பிரிகிறது. சில கவிதைகள் நம்மை ஏவுகின்றன. சில நம்மோடு கூட நடக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே நாம் கவிதை கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

'இஃப்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முப்பத்திரண்டு வரி. ஏறக்குறைய முழுவதும் நிபந்தனைகள். இது உன்னால் முடிந்தால், அதை நீ பொறுத்தால், இன்னொன்றை நீ விட்டுக்கொடுக்காமலிருந்தால் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி இரண்டு வரிக்கு வந்த பிறகுதான் வாக்கியமே முடிகிறது. பரிசும் அங்கேதான் காத்திருக்கிறது: உலகம் மகனுக்குச் சொந்தமாகும், அதைவிடப் பெரிதாக, அவன் ஆண்பிள்ளை என்று பெயரெடுப்பான். பேசுகிறவர் தகப்பன். ஆனால் அந்தத் தகப்பன் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு நாளைக்கூட எடுத்துச் சொல்வதில்லை. எங்கே தோற்றார், எதற்கு அஞ்சினார், யார் வாசலில் போய் நின்றார், ஒன்றும் தெரியாது. நிபந்தனைகள் மட்டும் ஒரு படிவத்தைப் போல மகனிடம் வந்து சேர்கின்றன.

லியாண்டர் ஸ்டார் ஜேம்சனின் குணத்தை வைத்து இதை எழுதியதாகக் கிப்ளிங்கே தன் சுயசரிதையில் பின்னர் குறிப்பிட்டார். 1895ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், ட்ரான்ஸ்வாலின் போயர் அரசைக் கவிழ்க்கப் படை திரட்டிக்கொண்டு போய், சில நாட்களிலேயே தோற்றுச் சிறைப்பட்டவர் ஜேம்சன். ஒரு பேரரசு தன் அத்துமீறலையும் தோல்வியையும் பொறுமை என்ற நற்குணமாக மாற்றிக்கொண்ட கதை அது. கவிதையில் இந்தக் கதை எங்கும் இல்லை. அது இல்லாததால்தான் கவிதை எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது.

கிப்ளிங்கின் மகன் ஜான் 1897இல் பிறந்தவன். கண்பார்வை மிக மோசமாக இருந்ததால் அவனை ராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை. தளபதி ராபர்ட்ஸ் பிரபு கிப்ளிங்கின் நண்பர்; அவரிடம் சொல்லித்தான் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் மகனுக்கு இடம் வாங்கினார். 1915 செப்டம்பரில் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற்போனான். வயது பதினெட்டு. கிப்ளிங் இருந்தவரை அவன் உடல் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தில் கிப்ளிங் சேர்ந்தார். பெயர் தெரியாத வீரர்களின் கல்லறையில் பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கிப்ளிங்கைக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளையை இழந்த தகப்பனிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. விடாப்பிடியாகத் தேடியதும், கல்லறை கல்லறையாக அலைந்ததும் அவருடைய உண்மையான விடாமுயற்சி. நாம் சுவரில் மாட்டியிருக்கும் கவிதை அதற்கு முந்தியது, அதெல்லாம் தெரியாதது.

'இஃப்' வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1922 டிசம்பரில், டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி க்ரைசிஸ்' இதழில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 'மதர் டு சன்' வந்தது. கிப்ளிங்கின் தகப்பன் பேசிய அதே விஷயத்தை இங்கே ஒரு கறுப்பினத் தாய் தன் மகனிடம் பேசுகிறார். இருபதே வரி. எழுதியவருக்கு அப்போது இருபத்தோரு வயது.

அந்த அம்மா, கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்களின் தொனியில் பேச்சைத் தொடங்குகிறார். அப்படியென்றால் மகன் முன்பே ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்பது கவிதையில் இல்லை. போதும் என்றிருப்பான், முடியவில்லை என்றிருப்பான். நாம் கதவைத் திறந்து உள்ளே வரும்போது பேச்சு பாதியில் இருக்கிறது. அவர் தன் வாழ்க்கையை ஒரு மாடிப்படியாகச் சொல்கிறார். பளிங்குப் படியல்ல, ஏழைகள் குடியிருக்கும் கட்டடத்தின் மரப்படி. ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, சிலாம்பு குத்துகிறது, பலகை பெயர்ந்திருக்கிறது, விரிப்பு இல்லாத இடங்களில் வெறும் கட்டை. படித் திருப்பங்களில் திரும்பி, சில நேரம் விளக்கே இல்லாத இருட்டுக்குள் கால் வைத்து ஏறியிருக்கிறார். ஆகவே நீ திரும்பிப் போகாதே, கஷ்டமாக இருக்கிறதென்று படியில் உட்கார்ந்துவிடாதே, இப்போது விழுந்துவிடாதே என்கிறார். சொல்லிவிட்டு, தான் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருப்பதாகவும் சொல்கிறார்.

கிப்ளிங்கின் தகப்பனுக்கும் இந்தத் தாய்க்கும் இடையில் எவ்வளவு தூரம்! அவர் உலகத்தையே தருவதாகச் சொன்னார். இவர் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. மேலே போனால் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது, அவர் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் சொல்வதற்கு இருக்கும் ஒரே உத்தரவாதம், மகனுக்கு முன்னால் அதே படியில் அவர் கால் வைத்திருக்கிறார் என்பதுதான். எந்தப் பலகை பெயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அறிவுரை சொல்கிறவர் வாங்கிய காயமும் அந்த அறிவுரைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கவிதையை எத்தனை முறை படித்தாலும் உபதேசம் கேட்ட கசப்பு வருவதில்லை.

இருபத்தோரு வயது இளைஞனுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஹியூஸின் தந்தை குடும்பத்தை விட்டு மெக்சிகோ போய்விட்டார். தாய் கேரி வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பாட்டி மேரி லாங்ஸ்டனிடம்தான் பிள்ளை வளர்ந்தான். பாட்டியின் முதல் கணவர் லூயிஸ் ஷெரிடன் லியரி, அடிமை முறையை ஒழிக்க ஜான் பிரவுனோடு 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போய் உயிரை விட்டவர். படியேறிக்கொண்டே பேசும் பெண்கள் ஹியூஸின் வீட்டிலேயே இருந்தார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். 1967 அக்டோபரில், தான் கொல்லப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிய மார்ட்டின் லூதர் கிங் இந்தத் தாயைத்தான் துணைக்கு அழைத்தார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் அந்தப் படியை அறிந்தவர்கள்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. ஏறு என்று எழுதிய அதே ஹியூஸ், 1951இல் வெளியிட்ட நூலில், ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கும் கனவு என்னவாகும் என்று கேட்டார். அது கெட்டு அழுகலாம், தாங்க முடியாத பாரமாகலாம், வெடித்தும் போகலாம் என்பது அந்தக் கவிதையின் யோசனை. பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு, படிக்கட்டைச் சரிசெய்யாத வீட்டுக்காரனை யாராவது கேட்டாக வேண்டும் என்பது அந்தத் தாயின் மகனுக்குப் பின்னாளில் புரிந்திருக்கிறது. இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால் நாம் வீட்டுக்காரனின் ஆளாகிவிடுவோம்.

ஹென்லியிடம் வருகிறேன். 1849இல் க்ளௌஸ்டர் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே எலும்புக் காசநோய். இருபது வயதைத் தாண்டுவதற்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த பாதத்தையும் எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, எடின்பரோவில் ஜோசப் லிஸ்டர் என்றொரு அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைச் சீழ் பிடிக்காமல் காப்பதாகக் கேள்விப்பட்டு, 1873இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ இருபது மாதம் படுக்கை. லிஸ்டர் அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார். 'இன்விக்டஸ்' அந்த ஆண்டுகளின் பயிர். 1888இல் அச்சான தொகுப்பில் அதற்குத் தலைப்பு கிடையாது. வெல்லப்படாதவன் என்று பொருள்படும் அந்த லத்தீன் தலைப்பை 1900இல் 'ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு' தயாரித்த ஆர்தர் குயில்லர்-கூச் வைத்தார்.

பதினாறு வரிகளிலும் தேடிப் பார்த்தேன், இன்னொரு மனிதர் இல்லை. இருட்டு இருக்கிறது, விதியின் அடி இருக்கிறது, பெயர் சொல்லாத தெய்வங்கள் இருக்கின்றன. நடுவில் 'நான்' மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. தன் ஆன்மாவுக்குத் தானே தலைவன் என்ற அறிவிப்போடு முடிகிறது. வலியின் உச்சத்தில் இருப்பவனுக்கு இப்படியொரு அறிவிப்பு தேவைப்படலாம். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா சக கைதிகளுக்கு இதைச் சொல்லிக் காட்டினார் என்று படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஓக்லஹோமா நகரில் 1995இல் குண்டு வைத்து, பத்தொன்பது குழந்தைகள் உட்பட 168 பேரைக் கொன்ற டிமதி மக்வே, 2001 ஜூன் 11 அன்று மரண தண்டனைக்கு முன் தன் கடைசி வாக்குமூலமாகக் கைப்பட எழுதிக் கொடுத்ததும் இதே கவிதையைத்தான். கவிதையின் குற்றம் என்று சொல்லமாட்டேன். இன்னொரு மனிதர் உள்ளே இல்லாத கவிதையில் யார் வேண்டுமானாலும் குடியேறிவிட முடியும் என்பதுதான் இதில் நான் கண்டது. ஹியூஸின் தாய் பேசும் கவிதைக்குள் மக்வே நுழைந்திருக்க முடியாது, வாசலிலேயே அந்த அம்மா நிற்கிறார்.

ஹென்லிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவரை ஹென்லியோடுதான் ஒப்பிட வேண்டும். அதே 1888 தொகுப்பில் 'இன் ஹாஸ்பிட்டல்' என்ற பெயரில் ஒரு கவிதை வரிசை இருக்கிறது. நோயாளியாக உள்ளே நுழைவதில் தொடங்கி வீட்டுக்கு அனுப்பப்படுவதில் முடியும் இருபத்தெட்டுக் கவிதைகள். 'இன்விக்டஸ்' அறிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், இதைப் படித்தவர்கள் சொற்பம். இங்கே 'நான்' ஒரு கட்டிலில் கிடக்கிறது. சுற்றிலும் மனிதர்கள். மயக்க மருந்துக்குமுன் வரும் பயம், பழைய காலத்து நர்ஸ், புதிய காலத்து நர்ஸ், தற்கொலைக்கு முயன்று கொண்டுவரப்பட்டவன், வார்டுக்கு வந்துபோகும் பெரிய டாக்டர். அந்தப் பெரிய டாக்டர் லிஸ்டர்தான். இரண்டு சிறுவர்களைப் பற்றி ஒரு கவிதை: ஒருவனுக்கு ஆறு வயது, இன்னொருவனுக்கு ஏழைத் தாண்டியிருக்கிறது. கட்டிலைவிட்டு இறங்க முடியாத அந்தப் பிள்ளைகள் ஆபரேஷன் விளையாட்டு விளையாடுகிறார்கள். பெரியவன் பேராசிரியராகி, பாடம் சொல்லிக்கொண்டே அறுக்கிறான், ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டுகிறான். சின்னவன் தனக்குத்தானே குளோரோஃபார்ம் கொடுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். பக்கத்தில் கிடந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கால் இல்லை.

இந்த வரிசையில் வார்டின் தரையைத் தேய்த்துக் கழுவும் பெண்ணைப் பற்றி 'ஸ்க்ரப்பர்' என்றொரு கவிதை உண்டு. பதினான்கு வரி. உயரமான, வற்றிப்போன உடம்பு. கடுத்த முகத்தில் எப்போதாவது பழைய குறும்பு மின்னும். அயர்லாந்துக்காரி. தன் கணவர் சாவதற்கு முன் பெற்ற பிள்ளைகளில் ஏழு பேரின் சாவைப் பார்த்தார் என்று ஹென்லியிடம் சொல்கிறார். வெளியே புல்வெளியில் விளையாடும் சிறுமியை மட்டும் அந்த மனிதர் பார்க்கவில்லை. சொந்தபந்தம் சிதறிவிட்டது. அந்தப் பெண் தரையைக் கழுவுகிறார், செல்ல மகளைத் திட்டுகிறார், தான் கண்ட கனவுகளைச் சொல்கிறார், நோயாளிகளுக்காகப் பரிந்துகொண்டு சண்டைக்குப் போகிறார். நாக்கு முரடு, மனசு தங்கம். அவ்வளவுதான் கவிதை.

ஹென்லி தாங்கிய வலியைப் பற்றி உலகத்துக்கே தெரியும். ஏழு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வாளியும் துடைப்பமுமாக வார்டுக்கு வந்த பெண், தன்னை வெல்லப்படாதவள் என்று ஒருநாளும் அறிவித்துக்கொள்ளவில்லை. ஹென்லி அவரைப் பார்த்தார், அவர் பேச்சைக் கேட்டார், எழுதிவைத்தார். நிமிர்ந்து நின்ற 'நான்' தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலையும் தரையையும் பார்த்த இடத்தில்தான் அவர் பெரிய கவிஞர். 'இன்விக்டஸ்' எழுதிய ஆளைவிட 'ஸ்க்ரப்பர்' எழுதிய ஆள் எனக்கு ஒரு படி மேல்.

யார் யாரிடம் சொல்வது என்ற கேள்வியோடு குறளுக்குத் திரும்பினால், நம் வீட்டிலேயே ஒரு குழப்பம் நடந்திருப்பது தெரிகிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கும் 60 முதல் 63 வரையிலான அதிகாரங்கள். பொருட்பாலில், பரிமேலழகர் வகுத்த முறையில் அரசியல் என்ற பகுதியின் கடைசி நான்கு. 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கும் பகுதி அது. அதாவது, சோம்பாதே, முயற்சியைக் கைவிடாதே, துன்பத்தில் உடையாதே என்று வள்ளுவர் முதலில் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்றால், நாட்டை ஆளுகிறவனைப் பார்த்து. முயலாமை வறுமையில் கொண்டுபோய் விடும் என்ற குறளும் அங்கேதான் இருக்கிறது. ஆளுகிறவன் முயலாவிட்டால் வறுமை யாருக்கு வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் என்ன செய்திருக்கிறோம்? பயிற்சி மையச் சுவர்களில், கடன் வாங்கிப் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளையின் தலைக்கு மேலே அவற்றை எழுதி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் பொருந்தும் அறம்தான், மறுக்கவில்லை. சோர்ந்து போன மாணவருக்கு அந்தக் குறள் கைகொடுத்திருக்கும், கொடுக்கட்டும். ஆனால் முயற்சி உன் கடமை என்று மேலே பார்த்துச் சொல்லப்பட்டதைக் கீழே பார்த்து மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையில்லை. இல்லாதவனைப் பார்த்துப் பேசும்போது வள்ளுவரின் குரல் வேறு மாதிரி இருக்கிறது. இரவச்சம் அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் இந்த உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார். நீ சரியாக முயலவில்லை என்று அந்த இரப்பவனிடம் அவர் சொல்லவில்லை. இன்னொன்று: அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்து, ஊழைவிட வலியது எது என்று கேட்டவர், ஆள்வினையுடைமையின் கடைசிக் குறளில் தளராமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே தோற்றோடச் செய்வார்கள் என்கிறார். இரண்டையும் ஒன்றோடொன்று சமாதானம் செய்துவைக்க உரைகாரர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். இரண்டும் அப்படியே நிற்பதுதான் எனக்கு உவப்பு. விதியின் பலம் தெரியாதவன் முயற்சியைப் பற்றிப் பேசினால் அது வெறும் வாய்ச்சொல்.

இடுக்கணழியாமையில் வள்ளுவர் காட்டும் உருவம் ஓர் எருது. வண்டி சிக்கிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் முக்கி இழுத்துக்கொண்டு போகும் எருது. அப்படிப்பட்டவனை அண்டிய துன்பம்தான் துன்பப்படும் என்கிறார். மணலில் சக்கரம் புதைந்த பார வண்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த இழுவை தெரியும்: முன்னங்கால் மண்டியிடும், மூக்கிலிருந்து மூச்சு சீறும், கழுத்து நுகத்தடியில் அழுந்தும், வண்டி ஒரு சாண் நகரும். ஆன்மா, தலைவன் என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. ஹென்லியின் வார்டில் தரை கழுவிய பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய உருவம் தமிழில் இதுதான்.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. 1938இல் அவர் மகன் லெவ் குமிலியோவ் கைதானார். லெனின்கிராடு சிறை வாசலில் பதினேழு மாதம் வரிசையில் நின்றவர் அக்மதோவா. குளிரில் உதடு நீலம் பாரித்த ஒரு பெண், யாரோ அக்மதோவாவின் பெயரைச் சொல்லக் கேட்டு, இதை உங்களால் எழுத முடியுமா என்று காதருகே கேட்டாள், முடியும் என்றார். 'ரெக்வியம்' தொடரின் முன்னுரையில் அவரே இதைப் பதிந்திருக்கிறார். தாளில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. சிறு துண்டுத் தாளில் எழுதித் தோழி லிதியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார். அவர் படித்து மனப்பாடம் செய்ததும் தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். இப்படிச் சில நண்பர்களின் நினைவில்தான் அந்தக் கவிதை ஆண்டுக்கணக்காக உயிரோடிருந்தது. 1963இல் மியூனிக்கில் அச்சானது, அவருடைய சொந்த நாட்டில் 1987இல்தான். விடாமுயற்சியைப் பற்றி அதில் உபதேசம் எதுவும் கிடையாது. கேட்டவள் ஒருத்தி, எழுதியவர் ஒருவர், நெஞ்சில் சுமந்தவர்கள் சிலர். இன்னொருவரிடம் கொடுத்த வாக்கு அந்தக் கவிதையைத் தாங்கியிருக்கிறது.

தமிழாசிரியர்களிடமும் ஆங்கில ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். 'இஃப்' நடத்தும் வாரத்திலேயே 'மதர் டு சன்' நடத்துங்கள். தகப்பன் எதைத் தருவதாகச் சொல்கிறார், தாய் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆள்வினையுடைமையை ஒப்பிக்கச் சொல்லும்போது அது எந்த இயலில் இருக்கிறது, யாரிடம் முதலில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் இரவச்சத்தையும் எடுங்கள். சிற்றிதழ்களில் மொழிபெயர்த்துவரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹென்லியின் மருத்துவமனைக் கவிதைகள் இருபத்தெட்டையும் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். முழுவதற்கும் நேரமில்லையென்றால் தரை கழுவும் அந்தப் பெண்ணைப் பற்றிய பதினான்கு வரிகளையாவது முதலில் செய்யுங்கள். காப்புரிமைத் தடை எதுவும் இல்லை. ஹென்லி 1903இல் இறந்தார்.